பிள்ளைக்கு ஈரம் தெரிய வேண்டும்

எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, முதலில் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் மர நிரைக்குப் போக வேண்டும். கொட்டகை விட்டத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். பார்த்துக்கொள்ள ஆயா ஒருவர், கூடமாட வயதான அம்மா ஒருவர். பிள்ளைகள் பால் குடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் ஆயா ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய், லோங்காங் (சாக்கடை) ஓரம் குந்தி, தன் இரண்டு பாதங்களின்மேல் பிள்ளையை உட்காரவைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கொடுப்பாராம். அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளை ஒண்ணுக்குப் போய்விடும். “நடக்குற பிள்ளைக்கு நாங்க துணி கட்டினதே இல்ல” என்று அம்மா இன்றும் சொல்வார்.

என் மகனுக்கு இரண்டரை வயது நடந்தபோது அந்தப் பேச்சைக் கேட்கவே எனக்குப் பாரமாக இருந்தது. நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பேர், பத்தாங் பெர்ஜுந்தைதான். எங்கள் மாடி வீட்டு வரிசையில் அப்போது மூன்று வயதை நெருங்கிய பிள்ளைகள் நான்கு பேர். நான்கு பேருக்குமே பேம்பர்ஸ். எந்தக் கம்பெனி டயப்பராக இருந்தாலும் இங்கே அதற்குப் பேர் பேம்பர்ஸ். “ஒரு வயசுலயே பழக்கிட்டோம், இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் சோம்பல்” என்பார்கள் பாட்டிமார். “அவசரப்படாதீங்கம்மா, பிள்ளை தயாராகட்டும்” என்பார் கிளினிக்கில் மிஸி (நர்ஸ்). இரண்டு பேச்சுக்கும் நடுவில் தப்பு செய்தவள்போல நிற்பது பெற்றவள்.

யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் அவர்கள் பேசுவது ஒரே காரியத்தைப் பற்றியல்ல. அது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் என் பிள்ளையை வீணாகப் படுத்தியிருக்கிறேன். இன்னொரு தாய்க்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். பிறந்த குழந்தையின் மூத்திரப்பை நிறைந்ததும் தானாகச் சுருங்கிக் காலியாகிவிடும். ஒரு நாளில் இருபது தடவைகூட நடக்கும். இரண்டு வயதில் அந்தப் பை சுமார் 90 மில்லிலிட்டர் பிடிக்கும், அரை கிளாஸுக்கும் குறைவு. அதைத் தன் இஷ்டத்துக்கு அடக்கவும் விடவும் தேவையான நரம்பும் தசையும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினெட்டு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் கூடிவருகின்றன. ஆனால் அடக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. வருகிறது என்று உணர வேண்டும். விளையாட்டை விட்டு எழுந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டே கக்கூஸ்வரை நடக்க வேண்டும், கால்சட்டையை இறக்க வேண்டும், குந்த வேண்டும், அப்புறம்தான் விட வேண்டும். பெரியவர்கள் நமக்கு இது ஒரே வேலை. பிள்ளைக்கோ ஆறேழு வேலை, அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக, தவறாமல்.

ஆயாவின் பாதத்தில் உட்கார்ந்த பத்து மாதப் பிள்ளை இவற்றில் கடைசி ஒன்றைத்தான் செய்தது. சத்தம் கேட்டதும் விட்டது. மற்றதையெல்லாம் செய்தவர் ஆயா. ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அசையாமல் நிற்பது, முகம் சிவப்பது, உடம்பு லேசாகச் சிலிர்ப்பது, பால் குடித்து எவ்வளவு நேரமாயிற்று என்பது, இவற்றையெல்லாம் பார்த்து ‘வருகிறது’ என்று உணர்ந்தது அவர் கண். அங்கே பழகியது பாதி பிள்ளை, பாதி ஆயா.

இது பாட்டிமாரின் கற்பனை அல்ல. கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களைப் பற்றி 1977-ல் குழந்தை மருத்துவ ஏடு ஒன்றில் ஓர் ஆய்வு வந்தது. அந்த ஊர்த் தாய்மாரும் காலை நீட்டி உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே குழந்தையை வைத்து, வாயால் ஒரு சத்தம் கொடுக்கிறார்கள். ஐந்து, ஆறு மாதத்திலேயே அந்தக் குழந்தைகள் நனைக்காமல் இருக்கப் பழகிவிடுகின்றன. எங்கோ இருக்கும் அந்தத் தாயும் எங்கள் கொட்டகை ஆயாவும் ஒரே வித்தையை வைத்திருந்தார்கள் என்று படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாவின் பெருமைப் பேச்சில் பொய் இல்லை.

மிஸி சொல்வதும் பொய் இல்லை. அவர் பேசுவது அந்த ஆறேழு வேலைகளையும் தானே செய்யும் பிள்ளையைப் பற்றி. பிள்ளை தயாராகும்வரை காத்திரு என்ற முறையை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெரி பிரேசல்டன். 1962-ல் அவர் 1,170 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்கள் பகலில் நனைக்காமல் இருக்கக் கற்றுக்கொண்ட சராசரி வயது 28.5 மாதம். அதாவது இரண்டு வயதும் நாலரை மாதமும். 2003-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, 27 மாதத்துக்கு முன்பே மும்முரமாகப் பழக்க ஆரம்பித்த பிள்ளைகள் அதனால் சீக்கிரம் முடித்துவிடவில்லை என்றது. பழக்கும் காலம்தான் நீண்டது. பொதுவாகப் பெண்பிள்ளைகள் இரண்டு மூன்று மாதம் முந்துவார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை இரண்டு வயதில் தானே போகிறாள் என்றால், உங்கள் பையனைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதில்லை.

சரி, அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது? இரண்டு காரியம்.

ஒன்று பேம்பர்ஸ். அந்தப் பெயரில் அமெரிக்காவில் 1961-ல் வந்த டயப்பர் தடித்த காகிதப் பஞ்சு மாதிரிதான் இருந்தது. 1980-களில் அதற்குள் நீரை உறிஞ்சி ஜெல்லாக மாற்றும் பொடியைப் போட்டார்கள். அதிலிருந்துதான் பிள்ளைக்கு ஈரம் தெரியாமல் போனது. துணி நனைந்தால் தொடையில் ஒட்டும், குளிரும், பிள்ளை சிணுங்கும். தாயும் உடனே மாற்றுவாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ‘உள்ளே இப்படி இருந்தது, அப்புறம் வெளியே நனைந்தது’ என்ற பாடம் யாரும் சொல்லித்தராமலே நடந்தது. ஜெல் அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டது. பிள்ளைக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. எடை கூடித் தொங்கும்போதுதான் தெரியும். பேம்பர்ஸை நான் குறை சொல்லவில்லை. தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்த்துவிட்டு வரும் பெண்ணிடம் துணி கட்டித் துவைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது எதை எடுத்துக்கொண்டது என்று தெரிந்திருந்தால், அதைத் திருப்பித் தரும் வழியும் தெரியும்.

இரண்டாவது மாற்றம் இதைவிடப் பெரியது, யாரும் பேசாதது. ஆயாக் கொட்டகை போய்விட்டது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. எத்தனையோ தோட்டங்கள் கைமாறி வீட்டுமனையாயின. லயத்து வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்தவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம். தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990-ம் ஆண்டுச் சட்டத்தில் குழந்தைக் காப்பகத்துக்கும் இடம் இருக்கிறது. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறியவளுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? முன்பு ஒரு பிள்ளையைப் பழக்கியது ஆயா, அவருக்கு உதவிய அம்மா, லயத்துப் பாட்டிகள், தனக்கு முன்னே குந்திக் காட்டிய பெரிய பிள்ளைகள் என்று ஒரு கூட்டம். இன்று அது ஒருத்தி தலையில். அதுவும் அவள் வேலை முடிந்து வந்த பிறகு மிஞ்சிய நேரத்தில். ‘சோம்பல்’ என்று சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கோபமும் வேண்டுகோளும்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருவோம்.

பிள்ளை தயாரா என்று பார்க்க நாள்காட்டி வேண்டாம். இரண்டு மணி நேரம் நனைக்காமல் இருக்கிறதா, ஆய் வரும்போது கதவுக்குப் பின்னாலோ திரைச்சீலைக்குள்ளோ போய் ஒளிகிறதா, கால்சட்டையைத் தானே இழுத்து இறக்குகிறதா, “செருப்பை எடுத்துட்டு வந்து இங்க வை” என்றால் இரண்டையும் செய்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒளிந்துகொள்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒளிகிற பிள்ளைக்கு ‘வருகிறது’ என்று முன்கூட்டியே தெரிகிறது என்று அர்த்தம். அதட்டினால் இன்னும் நன்றாக ஒளியும், அவ்வளவுதான்.

தொடங்குவதற்கு நல்லது, பெற்றோரில் ஒருவராவது நாலைந்து நாள் சேர்ந்தாற்போல வீட்டில் இருக்கும் சமயம். தீபாவளி, சீனப் பெருநாள் விடுமுறைகள் சரியாக வரும். ஆனால் விருந்தாளிகள் வந்துபோகும் நாட்களை விட்டுவிடுங்கள். வீடு மாறும்போது, புதிதாகத் தம்பியோ தங்கையோ பிறந்திருக்கும்போது, காய்ச்சல் இருமல் இருக்கும்போது வேண்டாம். நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த நாலைந்து நாளும் பேம்பர்ஸை முழுக்கக் கழற்றிவிடுங்கள். கீழே ஒன்றும் போடாமல், அல்லது மெல்லிய பருத்திக் கால்சட்டையோடு விடுங்கள். சிமெண்டுத் தரையோ ஓடு பதித்த தரையோ, துடைத்தால் போயிற்று. கம்பளத்தைச் சுருட்டி மேலே வைத்துவிடுங்கள். நனையும். நனையட்டும். அந்த ஈரம்தான் வாத்தியார். கால் வழியே சுடச்சுட இறங்கும்போது பிள்ளை குனிந்து பார்க்கும் பாருங்கள், அங்கேதான் படிப்பு ஆரம்பிக்கிறது. அப்போது சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: “ஒண்ணுக்கு வந்துருச்சு. அடுத்த தடவை அங்க போவோம்.” குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும்.

அரை மணிக்கு ஒரு தடவை “வருதா, வருதா” என்று கேட்டால் பிள்ளை “இல்லை” என்றுதான் சொல்லும். ஆயாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கேள்வியை அல்ல, நேரத்தை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு இருபது நிமிடத்தில், குளிக்கும் முன், வெளியே கிளம்பும் முன் என்று கூட்டிப்போங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசைவது இயற்கை; காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய் வருவது அதனால்தான். அந்த ‘ஸ்ஸ்ஸ்’ சத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். இன்றும் அது வேலை செய்கிறது, காசும் கிடையாது.

எங்கே உட்காரவைப்பது? நம் வீடுகளில் பாதிக்குமேல் குந்தும் கக்கூஸ். குந்துவது ஆய் போக மிக நல்ல வாகு. குந்தும்போது மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. ஆனால் பீங்கானின் இரண்டு பக்கமும் காலை அகட்டி வைக்க இரண்டு வயதுக் கால் எட்டாது. கீழே இருக்கும் ஓட்டை, வழுக்கும் தரை, தண்ணீர் இழுக்கும் சத்தம், எல்லாமே பயம். ஆகவே தொடக்கத்தில் சிறு பிள்ளைகள் உட்காரும் பிளாஸ்டிக் சட்டி நல்லது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில்கூடக் கிடைக்கும். கால் இரண்டும் தரையில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்புக்கு மேலே நிற்க வேண்டும். உட்காரும் கக்கூஸ் இருக்கிற வீட்டில் காலுக்கு ஒரு சிறு முக்காலி போட்டால் குந்திய வாகு கிடைக்கும். பிள்ளை எழுந்து வெளியே வந்த பிறகு தண்ணீரை இழுங்கள். பையனும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும்; நின்று போவதை அப்பாவிடம் பின்னால் கற்றுக்கொள்வான்.

இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும். தாடிக்கா என்ற பாலர் பள்ளியில் சேர்ப்பதற்குள் பழக்கிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன். மகனை கக்கூஸில் உட்காரவைத்து, “போனாத்தான் எழுந்திருக்கலாம்” என்று அரை மணி நேரம் நின்றேன். அழுதான். இரண்டு நாள் இப்படிச் செய்தேன். மூன்றாம் நாளிலிருந்து அவன் ஆய் போவதையே நிறுத்திவிட்டான். காலைப் பின்னிக்கொண்டு, விரல் நுனியில் நின்று, சுவரைப் பிடித்து விறைப்பான். முக்குகிறான் என்று நினைத்தேன். முக்கவில்லை, அடக்கிக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் கல்போல வந்தது, ரத்தக் கோட்டோடு.

இந்தச் சுழலை எல்லாத் தாய்மாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அடக்கினால் மலத்திலிருந்து நீர் வற்றி இறுகும். இறுகியது வெளியே வரும்போது கிழித்து வலிக்கும். வலித்ததால் பிள்ளை இன்னும் அடக்கும். நாள்பட்டால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடும். அப்புறம் அடைத்து நிற்கும் கட்டியைச் சுற்றித் தண்ணீர்போல் கசிந்து கால்சட்டையில் படும். பார்க்கிறவர்கள் வயிற்றுப்போக்கு என்பார்கள், அல்லது ‘வேண்டுமென்றே போகிறான்’ என்று அடிப்பார்கள். இரண்டும் தவறு. அது மலச்சிக்கல்.

இதற்கு நம் வீடுகளில் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைக்கும் பழக்கம் உண்டு, சோப்புத் துண்டு வைப்பதும் உண்டு. பயந்த பிள்ளைக்கு ஆசனவாயில் எதையும் நுழைத்தால் பயம் இரட்டிப்பாகும், செய்யாதீர்கள். பாலைக் கவனியுங்கள். இரண்டு வயதுக்குமேலும் புட்டிப்பாலை மணிக்கொரு தடவை கொடுக்கும் வீடுகளை எனக்குத் தெரியும், எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸுக்குமேல் பால் வேண்டாம். அது வயிற்றை அடைத்துச் சாப்பாட்டையும் குறைக்கிறது. தண்ணீர், பப்பாளி, கீரை, நன்கு பழுத்த வாழைப்பழம் கொடுங்கள். வலி இருந்தால் மலத்தை இளக்கும் மருந்தை கிளினிக்கில் தருவார்கள். சில பிள்ளைகளுக்கு அது மாதக் கணக்கில் தேவைப்படும், பயப்பட வேண்டாம். அந்த நாட்களில் கக்கூஸ் பேச்சையே எடுக்காமல், கேட்டால் பேம்பர்ஸைக் கட்டிவிடுங்கள். நான் மூன்று வாரம் அப்படி விட்டேன். பிறகு பேம்பர்ஸோடே கக்கூஸுக்குள் நின்று போகட்டும் என்றேன், அப்புறம் பேம்பர்ஸோடு சட்டியில் உட்கார்ந்து. கழற்றச் சொன்னது அவனே.

பிள்ளையைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களிடமும் பேசி வைக்க வேண்டும். வீட்டில் கால்சட்டை, அங்கே நாள் முழுக்கப் பேம்பர்ஸ் என்றால் பிள்ளை குழம்பும். நம் ஊரில் இதில் மொழிச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. என் தோழியின் மகள் தாஸ்கா என்ற குழந்தைக் காப்பகத்தில் “ஒண்ணுக்கு, ஒண்ணுக்கு” என்று சொல்லிக்கொண்டே நின்று நனைத்திருக்கிறாள். பார்த்துக்கொண்ட மலாய் அக்காவுக்கு அந்தச் சொல் தெரியாது. பிள்ளை சரியான நேரத்தில் சரியாகச் சொன்னது, ஆனாலும் தோற்றது. வீட்டுச் சொல்லை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ‘கென்சிங்’, ‘பெராக்’ என்ற மலாய்ச் சொற்களையும் எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்கும் அந்த இரண்டு சொற்களைக் கற்றுக்கொடுங்கள், அல்லது வயிற்றைத் தொட்டுக் காட்டும் ஒரு சைகையைப் பழக்குங்கள்.

கழுவும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரட்டும். பெண்பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மலத்துக் கிருமி மூத்திரப் பாதைக்குப் போகும். ரப்பர் குழாயைப் பீய்ச்சி அடிக்காமல் செம்பில் ஊற்றுங்கள். பிள்ளைகளின் ஆய் ஒன்றும் செய்யாது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கை, கால், வாய் நோய்க் கிருமி குணமான பிறகும் வாரக் கணக்கில் மலத்தில் வெளியேறும். 1997-ல் சரவாக்கில் அந்த நோய் பரவிக் குழந்தைகள் இறந்ததை மறக்க முடியாது. சட்டியிலிருப்பதை கக்கூஸில் கொட்டி, பிள்ளைக்கும் உங்களுக்கும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இரவு வேறு கணக்கு. அதைப் பழக்கி வரவழைக்க முடியாது. தூக்கத்தில் மூத்திரத்தைக் குறைக்கும் ஹார்மோன் போதுமான அளவு சுரக்க வேண்டும், பை நிறைந்தால் மூளை எழுப்ப வேண்டும். ஐந்து வயதில்கூட நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் பாயை நனைக்கிறார்கள். இது பரம்பரையாகவும் வரும். தாய், தகப்பன் இருவருமே சின்ன வயதில் நனைத்தவர்கள் என்றால் பிள்ளையும் நனைக்க நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. நனைந்த பாயைத் தலையில் வைத்து லயத்தைச் சுற்றி நடக்கவைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். கரண்டியைக் காய்ச்சிக் காட்டி மிரட்டியதையும் பார்த்திருக்கிறேன். தூக்கத்தில் நடந்ததற்கு அந்தப் பிள்ளைகள் பட்ட அவமானத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. பழைய முறையில் நாம் கைவிட வேண்டியது இது. மெத்தைக்குமேல் நீர்புகாத விரிப்பைப் போட்டு, படுக்கும்முன் ஒரு தடவை போகவைத்து, நனைத்தால் பேசாமல் மாற்றிவிடுங்கள்.

பழகி முடித்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைக்கலாம். புதுக் குழந்தை, புது வீடு, அப்பா வேலைக்காக சிங்கப்பூர் போனது, எதுவும் காரணமாக இருக்கலாம். சில வாரத்தில் தானாகச் சரியாகும். ஆனால் நனைப்பதோடு அடங்காத தாகமும் உடல் மெலிவும் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், சர்க்கரை நோயாக இருக்கலாம். போகும்போது அழுதால், காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தால், எந்நேரமும் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால், மலத்தில் ரத்தம் இருந்தால், நான்கு வயது தாண்டியும் பகலில் பழகவில்லை என்றால் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். போவதற்கு முன் ஒரு வாரம், எந்த நாள் ஆய் போனான், கல்லாகவா கூழாகவா, எத்தனை தடவை நனைத்தான், எவ்வளவு பால் குடித்தான் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.